ஈ.பி. பில்லிலிருந்து சான்றிதழ் வரை: சிறிய விமான நிலையத்துக்குக் கார்பன் கணக்குப் போடும் வழி

விமான நிலையங்களுக்கான கார்பன் கணக்கு, அதாவது ஓர் ஆண்டில் நிலையம் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்ற கணக்கு, பற்றிக் கிடைக்கும் வழிகாட்டிகள் எல்லாம் பெரிய நிலையங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. சேலத்துக்குப் பக்கத்தில் கமலாபுரத்தில் இருப்பதுபோல 1,806 மீட்டர் ஓடுபாதையும், ஏ.டி.ஆர். 72 வகைச் சிறிய பயணிகள் விமானம் வந்துபோகிற ஒரு சிறிய முனையமும் உள்ள இடத்தில் அவற்றை அப்படியே பின்பற்றினால் பாதி வேலை வீண். அங்கே முக்கியமாகச் சொல்லப்படுவது இங்கே இருக்காது. இங்கே தலைவலி தருவது அங்கே ஒரு வரியில் முடிந்திருக்கும்.

இந்தக் கட்டுரை இந்த வேலை முதல் முறையாகக் கையில் வந்து விழுந்தவர்களுக்கு. நிலையத்தின் மின்பிரிவில் இருப்பவர், ஆலோசனை நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர், சேலம் பக்கக் கல்லூரியில் இதையே புராஜெக்டாக எடுத்தவர் என்று யாராக இருந்தாலும் சரி. கீழே வரும் மாதிரிக் கணக்குகள் கற்பனையான ஒரு சிறிய நிலையத்துக்கானவை. எந்த நிலையத்தின் உண்மைக் கணக்கும் அல்ல. கணக்கு முடிந்ததும் வெளியிலிருந்து வரும் சரிபார்ப்பாளர் பார்த்து ஒப்புக்கொண்டால், படிப்படியாக ஏறும் ஒரு சான்றிதழ் கிடைக்கும். அதன் விவரம் 8ஆம் பகுதியில்.

1. எண்ணுக்கு முன்னால் எல்லை

எக்செல்லைத் திறக்காதீர்கள். முதலில் ஒரு தாளில் நிலையத்தின் வரைபடத்தைப் போட்டு, எரிபொருளோ மின்சாரமோ செலவாகும் ஒவ்வொரு இடத்தையும் குறியுங்கள். பக்கத்தில் இரண்டு கேள்விக்கு விடை எழுதுங்கள்: இதை இயக்குவது யார்? இதற்குப் பணம் கட்டுவது யார்?

உலகமெங்கும் நடைமுறையில் உள்ள கார்பன் கணக்கு விதித்தொகுப்பான ஜி.எச்.ஜி. புரோட்டோகால் மூன்று பிரிவுகள் வைத்திருக்கிறது. நிலையம் தானே எரிப்பது ஸ்கோப் 1: ஜெனரேட்டர் டீசல், தீயணைப்பு வண்டி, நிலையத்துக்குச் சொந்தமான ஜீப், தீப்பயிற்சிக் குழியில் எரிக்கும் எண்ணெய், ஏ.சி.யிலிருந்து கசியும் வாயு. வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. நிலையத்தை ஒட்டி நடந்தாலும் மற்றவர் கையில் இருப்பவை ஸ்கோப் 3: விமானங்கள், பயணிகள் வரும் கார், விமான நிறுவனத்தின் டிராக்டர், கடைக்காரரின் அடுப்பு.

பொறி எங்கே என்றால், ஒரே மாதிரி இரண்டு வண்டி நிற்கும். ஒன்று ஸ்கோப் 1, மற்றொன்று ஸ்கோப் 3. ஏப்ரனில் (விமானங்கள் நிற்கும் தளம்) உள்ள ஜி.பி.யு., அதாவது நிற்கும் விமானத்துக்கு மின்சாரம் தரும் வண்டி, நிலையத்துடையதா, விமான நிறுவனத்துடையதா என்று கேட்காமல் எழுதினால், சரிபார்ப்பாளர் முதல் நாளே பிடித்துவிடுவார். ஒப்பந்தக்காரர் ஓட்டும் வாடகை ஜீப்பிலும் இதே குழப்பம் வரும். டீசல் யார் போடுகிறார், ஓட்டச் சொல்வது யார் என்று ஒப்பந்தத்தைப் பார்த்து முடிவெடுத்து, எடுத்த முடிவை ஒரு வரியில் எழுதி வையுங்கள். எந்தப் பக்கம் வைத்தீர்கள் என்பதைவிட ஆண்டுதோறும் ஒரே பக்கம் வைக்கிறீர்களா என்பதுதான் முக்கியம்.

முனையத்துக்குள் இருக்கும் டீக்கடை, விமான நிறுவனக் கவுண்டர், வானிலை அலுவலகம், பாதுகாப்புப் படையினர் தங்குமிடம் ஆகியவற்றுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தனி மீட்டர் இருந்தால் அவர்கள் மின்சாரத்தை ஸ்கோப் 3க்கு நகர்த்தலாம். இல்லாவிட்டால் எல்லாம் உங்கள் தலையில்தான். சதுர அடியை வைத்துப் பிரித்துக் கழிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம், ஆதாரமில்லாத கழித்தல் நிற்காது. சி.டி. (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்த மூன்று ஃபேஸ் துணை மீட்டர் ஒன்றுக்கு ஆகும் சில ஆயிரம் ரூபாய்தான் இந்த முழு வேலையிலும் உருப்படியான முதல் செலவு.

2. ஆண்டைத் தேர்ந்தெடுப்பது

நிதியாண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈ.பி. பில், டீசல் கொள்முதல், பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாமே ஏப்ரல் முதல் மார்ச் வரைதான் கோப்பில் இருக்கும்.

சேலத்தைப் பொறுத்தவரை அடிப்படை ஆண்டு ஒரு கண்ணிவெடி. சிறு நகரங்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2018 மார்ச் 25 அன்று தொடங்கிய சென்னை சேவை 2021இல் நின்றது. 2023 அக்டோபரில்தான் விமானங்கள் திரும்ப வந்தன. இடையில் உள்ள ஆண்டை அடிப்படையாக வைத்தால் பிறகு வரும் எல்லா ஆண்டும் 'உமிழ்வு கூடிவிட்டது' என்றுதான் காட்டும். பயணி ஒருவருக்கு எவ்வளவு என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை: பயணியே இல்லாத ஆண்டில் பூஜ்யத்தால் வகுக்க வேண்டியிருக்கும். 2023-24உம் அரை ஆண்டுதான். முழு ஆண்டு என்று துணிந்து சொல்லக்கூடியது 2024-25இலிருந்து. சேவை நின்று தொடங்கிய எந்தச் சிறு நிலையத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

3. ஆவணங்கள்: இதற்குத்தான் நேரம் போகும்

கணக்கு இரண்டு நாள் வேலை. காகிதம் தேடுவது இரண்டு மாத வேலை. கேட்க வேண்டியவை இவை.

*மின்சாரம்.* பன்னிரண்டு மாத எச்.டி. (உயரழுத்த இணைப்பு) பில். பில்லில் மூன்று இடத்தில் தவறு வரும். ஒன்று, மீட்டர் ரீடிங்கையே யூனிட் என்று எழுதுவது. பெருக்கல் காரணி 2,000 என்றால் ரீடிங் வித்தியாசம் 20 என்பது 40,000 யூனிட். இரண்டு, யூனிட் எனப்படும் கிலோவாட் மணிக்குப் பதில் கே.வி.ஏ. மணி வரியை எடுத்துவிடுவது. பவர் ஃபேக்டர் 0.95 என்றால் 5 சதவீதம் கூடுதலாக எழுதிவிடுவீர்கள். மூன்று, பில் காலம். ரீடிங் எடுக்கும் தேதி மாத முதல் நாளாக இல்லாவிட்டால் ஆண்டின் இரண்டு முனையிலும் சில நாட்கள் வழியும். நாட்களின் எண்ணிக்கைப்படி பிரித்துச் சரிசெய்து, எப்படிச் செய்தீர்கள் என்று குறிப்பு எழுதுங்கள். ஏற்கெனவே சோலார் இருந்தால் அதன் உற்பத்தி மீட்டர் தனி. அதை ஈ.பி. யூனிட்டோடு கூட்டவும் கூடாது, கழிக்கவும் கூடாது. பில்லில் இருப்பது சோலார் போக வாங்கியதுதான்.

*டீசல்.* கொள்முதல் ரசீது மட்டும் போதாது. வாங்கியது வேறு, எரித்தது வேறு. ஏப்ரல் 1 அன்று தொட்டியில் இருந்தது, ஆண்டில் வாங்கியது, மார்ச் 31 அன்று மிச்சம் ஆகிய மூன்றும் வேண்டும். டிப் ஸ்டிக் (தொட்டியில் விட்டு ஆழம் பார்க்கும் கோல்) அளவு எழுதும் பழக்கம் இல்லையென்றால் இன்றே தொடங்குங்கள். ஜெனரேட்டர் டீசலும் தீயணைப்பு வண்டி டீசலும் ஒரே பேரலிலிருந்து போகிற இடங்கள் உண்டு. அங்கே லாக் புக் இல்லாமல் பிரிக்க முடியாது. பிரிக்க முடியாவிட்டால் மொத்தமாகக் காட்டலாம். இரண்டுமே ஸ்கோப் 1தான், மொத்தம் மாறாது. ஆனால் பிறகு எங்கே குறைப்பது என்று தெரியாமல் போகும்.

ஜெனரேட்டர் லாக் புக்கைச் சோதிக்க ஒரு எளிய வழி: எரித்த லிட்டரை உற்பத்தியான யூனிட்டால் வகுங்கள். நல்ல சுமையில் ஓடும் 125 கே.வி.ஏ. ஜெனரேட்டர் யூனிட்டுக்கு 0.28 லிட்டர் பக்கம் எடுக்கும். கால் சுமையில் 0.39 வரை போகும். உங்கள் விடை 0.2 என்று வந்தால் டீசல் பதிவு விட்டுப்போயிருக்கிறது. 0.6 என்று வந்தால் வேறு ஏதோ வண்டிக்கும் அங்கிருந்து ஊற்றுகிறார்கள்.

*ஏ.சி. வாயு.* இதை எல்லாரும் மறப்பார்கள். பராமரிப்புக்காரர் தரும் பில்லில் 'கேஸ் சார்ஜிங் - 2 எண்ணம்' என்று இருக்கும். எத்தனை கிலோ, எந்த வாயு என்று இருக்காது. ஒரு கிலோ ஆர்-410ஏ கசிந்தால் அது 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஆர்-134ஏ என்றால் 1,430, ஆர்-32 என்றால் 675. இவை ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.யின் நான்காம் மதிப்பீட்டு அறிக்கை எண்கள். புதிய அறிக்கையின் எண்கள் சற்று மாறும். ஒரு தொகுப்பை எடுத்தால் கடைசிவரை அதையே பிடியுங்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: வாயு ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் சிலிண்டரை எடைபோட்டு, வித்தியாசத்தைச் சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். காசு செலவில்லை, கேட்டால் செய்வார்கள். பழைய ஆர்-22 இயந்திரம் இருந்தால் அதன் கசிவை ஸ்கோப்புகளுக்கு வெளியே தனி வரியில் காட்ட வேண்டும். அது ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரீல் ஒப்பந்தத்தில் வரும் வாயு என்பதால் புரோட்டோகால் அப்படிக் கேட்கிறது.

*மற்றவை.* கேன்டீன் நிலையத்துடையது என்றால் சிலிண்டர் கணக்கு, கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான்களை நிரப்பிய பில், தீப்பயிற்சிக்கு எடுத்த எண்ணெயின் இண்டென்ட் (கேட்புச் சீட்டு). எல்லாம் சிறிய எண்கள். ஆனால் விட்டால் 'முழுமையில்லை' என்று ஒரு குறிப்பு விழும்.

4. பெருக்கிப் பார்ப்பது

காரணிகள் இவை. டீசல் லிட்டருக்கு 2.68 கிலோ, பெட்ரோல் லிட்டருக்கு 2.31 கிலோ, சமையல் வாயு கிலோவுக்கு 2.98 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மின்சாரத்துக்கு மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் தரவுத்தொகுப்பில் உள்ள தேசிய சராசரி: 2023-24க்கு யூனிட்டுக்கு 0.727 கிலோ, அதற்கு முந்தைய ஆண்டுக்கு 0.716.

மாதிரி நிலையம்: மாதம் 40,000 யூனிட், ஆண்டுக்கு 4,80,000 யூனிட், பெருக்கினால் 349 டன். ஜெனரேட்டர் டீசல் 9,000 லிட்டர், 24.1 டன். வண்டிகள் 6,000 லிட்டர், 16.1 டன். 19 கிலோ சிலிண்டர் 24, 1.4 டன். ஆர்-410ஏ 6 கிலோ, 12.5 டன். மொத்தம் 403 டன், அதில் மின்சாரம் மட்டும் 87 சதவீதம். மறந்துவிட இருந்த ஆறு கிலோ வாயு, எல்லா வண்டிகளின் டீசலுக்கும் கிட்டத்தட்டப் பக்கத்தில் நிற்பதைக் கவனியுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். மின்காரணி 0.716இலிருந்து 0.727 ஆனதால் மட்டுமே, யூனிட் ஒன்றுகூட மாறாமல், இந்த நிலையத்தின் கணக்கு 5.3 டன் ஏறும். அடுத்த ஆண்டு காரணி இறங்கினால் நீங்கள் ஒன்றும் செய்யாமலே 'குறைத்துவிட்டோம்' என்று வரும். அதனால் அறிக்கையில் டன்னோடு யூனிட்டையும் லிட்டரையும் சேர்த்துக் காட்டுங்கள். நிர்வாகத்துக்கு உண்மை அங்கேதான் தெரியும்.

எக்செல்லை நீங்களே கட்ட வேண்டியதில்லை. விமான நிலையங்களின் உலக அமைப்பான ஏ.சி.ஐ. 'ஏசெர்ட்' என்ற கருவியை இலவசமாகத் தருகிறது. அதில் மின்காரணி இந்தியாவுடையதுதானா, எந்த ஆண்டுடையது என்று பார்த்து, இல்லையென்றால் கையால் மாற்றுங்கள். இதை மறந்தால் பிறகு செய்யும் எல்லாமே தப்பு.

5. விமானங்கள்: ஏ.டி.ஆர். வந்தால் புத்தகம் உதவாது

ஆரம்பப் படிச் சான்றிதழுக்கு இது தேவையில்லை. மூன்றாம் படிக்குப் போனால் தரையிறங்கி எழும் சுற்று, அதாவது 3,000 அடிக்குக் கீழே விமானம் எரிப்பது, கணக்கில் வர வேண்டும். தேவை வரும்போது தேடினால் தரவு கிடைக்காது. இப்போதே சேர்த்து வையுங்கள்.

வழக்கமாக எல்லாரும் போவது பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் இன்ஜின் உமிழ்வுத் தரவுத்தொகுப்புக்கு. அங்கே ஏ.டி.ஆர். இன்ஜினைத் தேடினால் கிடைக்காது. அந்தத் தொகுப்பு 26.7 கிலோநியூட்டனுக்கு மேல் உந்துவிசை உள்ள ஜெட் இன்ஜின்களுக்கானது. ஏ.டி.ஆர். சுழலும் விசிறி கொண்ட டர்போபிராப். அதற்கு சுவீடனின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் பராமரிக்கும் டர்போபிராப் தொகுப்பையோ, ஐரோப்பிய சுற்றுச்சூழல் முகமையின் உமிழ்வுக் கையேட்டில் விமான வகைவாரியாக உள்ள அட்டவணையையோ நாடுங்கள். சமமான ஜெட்டை எடுத்துப் போடுகிறேன் என்று ஏர்பஸ் எண்ணைப் போட்டுவிட்டால் உமிழ்வு பல மடங்கு ஊதிப்போகும்.

அடுத்தது நேரம். ஐகாவோவின் நிலையான சுற்றில் தரையில் ஊர்ந்து செல்வதற்கு 26 நிமிடம், எழுவதற்கு 0.7, ஏறுவதற்கு 2.2, இறங்கி வருவதற்கு 4 நிமிடம். பெரிய நிலையத்தில் வரிசையில் நிற்பதற்கு 26 சரி. ஒரே ஓடுபாதை, சிறிய ஏப்ரன், முன்னால் வேறு விமானம் இல்லை என்ற நிலையில் அதில் பாதிகூட ஆகாது. விமானக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில் விமானம் நகர்ந்த நேரமும் எழுந்த நேரமும் இருக்கும். இரண்டு வாரப் பதிவை எடுத்துச் சராசரி பாருங்கள், அதற்கு முறையாகக் கடிதம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கிடைத்த எரிபொருள் கிலோவை 3.16ஆல் பெருக்கினால் கார்பன் டை ஆக்சைடு.

மூன்றாவதுதான் சிறிய நிலையத்தில் உண்மையிலேயே ஏதாவது செய்ய முடிந்த இடம். பெரிய ஜெட்களின் வாலில் ஏ.பி.யு. என்ற சிறிய துணை இன்ஜின் இருக்கும். ஏ.டி.ஆரில் அது கிடையாது. பதிலாக, வலது இன்ஜினை ஓடவிட்டு அதன் விசிறியை மட்டும் பிரேக் போட்டு நிறுத்துவார்கள். 'ஹோட்டல் மோடு' என்று பெயர். ஏப்ரனில் நின்று பார்த்தால் விசிறி அசையாமல் இருக்கும், ஆனால் இன்ஜின் சத்தம் காதைத் துளைக்கும். பின்னால் புகைபோக்கிக்கு அருகே காற்று கானல்போல் நெளியும். அந்த நிலையில் மணிக்கு 100 கிலோவுக்கு மேல் எரிபொருள் போகும். 25 நிமிட நிறுத்தத்தில் 45 கிலோ என்று வைத்தாலும் சுமார் 140 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதே நேரம் டீசல் ஜி.பி.யு. ஓடினால் பத்து லிட்டருக்குள் முடியும், 27 கிலோதான்.

அப்படியானால் ஜி.பி.யு. ஏன் ஓரமாகவே நிற்கிறது? அது மின்சாரம் தரும், குளிர்ந்த காற்று தராது. சேலத்து ஏப்ரல், மே வெயிலில் கதவு திறந்த கேபின் பத்து நிமிடத்தில் அடுப்பாகிவிடும். குளிரூட்ட இன்ஜினிலிருந்து வரும் காற்று வேண்டும், அதனால் விமானி ஹோட்டல் மோடையே விரும்புவார். ஜி.பி.யு. வாங்க மட்டும் பணம் ஒதுக்கினால் வண்டி துருப்பிடிக்கும். குழாய் வழியாகக் குளிர்காற்று தரும் ஏ.சி. வண்டியும் சேர்ந்தால்தான் பேச்சு. எத்தனை நிறுத்தத்தில் ஹோட்டல் மோடு, எத்தனையில் ஜி.பி.யு. என்று ஒரு மாதம் எண்ணிவிட்டு விமான நிறுவனத்தோடு பேச உட்காருங்கள். வெறும் வேண்டுகோள் எடுபடாது.

6. பயணிகள் வரும் வழி

இதுவும் மூன்றாம் படிக்கு. கேள்வித்தாளில் ஐந்தே கேள்வி வையுங்கள்: எந்த பின்கோடிலிருந்து, எந்த வாகனம், வாகனத்தில் பயணம் செய்வோர் எத்தனை பேர், எரிபொருள் என்ன, வண்டி இங்கேயே நிறுத்தப்படுகிறதா அல்லது விட்டுவிட்டுத் திரும்புகிறதா.

கடைசிக் கேள்விதான் கணக்கைப் புரட்டிப் போடும். நம் ஊரில் ஒருவரை வழியனுப்ப வீடே வரும், வந்த வண்டி திரும்பவும் வீட்டுக்குப் போகும். 20 கிலோமீட்டர் தூரத்திலிருந்து வந்தால் ஓடியது 40 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 ஓடும் பெட்ரோல் கார் என்றால் 6.2 கிலோ. பயணிகள் இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 3.1. ஒரு வழியை மட்டும் எடுத்தால் சரிபாதி காணாமல் போகும். வழியனுப்ப வந்தவர்களைப் பயணி எண்ணிக்கையில் சேர்த்து வகுத்துவிடாதீர்கள், அதுவும் அடிக்கடி நடக்கிறது.

95 சதவீத நம்பிக்கை, 5 சதவீதப் பிழை வரம்பு என்றால் 384 மாதிரி போதும் என்பது புள்ளியியல் பாடம். ஒரே வாரத்தில் 384 எடுத்து முடித்துவிடாதீர்கள். மே மாதத்தில் எடுத்தால் ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் நிறைய இருப்பார்கள். டாக்சி 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, பெரும்பாலும் காலியாக இறங்கும். நவம்பரில் எடுத்தால் நாமக்கல், ஈரோடு, தர்மபுரிப் பக்க வியாபாரிகள் கூடுதலாக இருப்பார்கள். இரண்டு பருவத்திலும் பாதிப் பாதியாக எடுங்கள். கேள்வித்தாளை செக்-இன் வரிசையில் நீட்டாதீர்கள், யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். பாதுகாப்புச் சோதனை முடிந்து உட்கார்ந்திருக்கும் இடத்தில் பேனாவோடு கொடுத்தால் எழுதுவார்கள்.

7. குறைப்பது: காசில்லாததிலிருந்து தொடங்குங்கள்

யாரிடம் கேட்டாலும் முதல் பதில் சோலார். கொச்சி 2015இல் 12 மெகாவாட்டோடு முழுக்கச் சோலாரில் ஓடும் நிலையமானதிலிருந்து இந்த எண்ணம் ஊறிவிட்டது. சோலார் வேண்டும், ஆனால் முதலில் அல்ல. வீணாகும் மின்சாரத்துக்கும் சேர்த்துத் தகடு வாங்குவதில் அர்த்தமில்லை.

முதலில் ஏ.சி. நேரம். சிறிய நிலையத்தில் ஒரு விமானத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் முனையம் மணிக்கணக்கில் காலியாகக் கிடக்கும், ஏ.சி. ஓடிக்கொண்டேயிருக்கும். சராசரி 40 கிலோவாட் இழுக்கும் அமைப்பை விமான அட்டவணைப்படி நாளுக்கு 4 மணி நேரம் குறைத்தால் ஆண்டுக்கு 58,400 யூனிட், 42 டன். நம் மாதிரி நிலையத்தில் பத்தில் ஒரு பங்கு, செலவு பூஜ்யம். விமானம் தாமதமானால் யார் எப்போது போடுவது என்பதை ஒரு பக்க உத்தரவாக எழுதிவிடுங்கள். இல்லையென்றால் ஒரே ஒரு புகார் வந்ததும் பழையபடி நாள் முழுக்க ஓட ஆரம்பிக்கும். வெப்பநிலையை 24 டிகிரியில் வையுங்கள். எரிசக்திச் சிக்கன வாரியத்தின் கணக்குப்படி ஒரு டிகிரி உயர்த்தினால் 6 சதவீதம் மிச்சம். சர்வர் அறை, தகவல்தொடர்புக் கருவி அறைகளைத் தொடாதீர்கள்.

எல்.இ.டி. பற்றி அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஏப்ரனில் 400 வாட் சோடியம் விளக்கு 20 இருந்து, 150 வாட் எல்.இ.டி. போட்டால், நாளுக்கு 4 மணி நேரம் எரிந்தால், மிச்சம் ஆண்டுக்கு 7,300 யூனிட். ஐந்து டன் சொச்சம். பகலில்தான் விமானம் என்றால் அதுவும் இல்லை. பராமரிப்புக்காக மாற்றுங்கள், கார்பனுக்காக என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம். ஓடுபாதை விளக்குகளை மாற்றுவது தனிக்கதை. அது விமானப் பாதுகாப்பு அனுமதிக்குள் வரும், மின்பிரிவு தானாகத் தொடக்கூடாது.

ஜெனரேட்டர்: தேவைக்கு மீறிய பெரிய இயந்திரம் கால் சுமையில் ஓடினால் ஒரு யூனிட்டுக்கு 1.05 கிலோ, ஈ.பி. மின்சாரத்தைவிட மோசம். முனையத்துக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று என்று இரண்டு ஓடினால், விதிப்படி தனியாக வேண்டியதைத் தவிர மற்றதை ஒன்றில் சேர்க்க முடியுமா என்று பாருங்கள்.

இப்போது சோலார். கூரையில் கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி, செலவு 45,000 முதல் 60,000 ரூபாய், நம் பக்கத்தில் ஆண்டு உற்பத்தி கிலோவாட்டுக்கு 1,400 முதல் 1,500 யூனிட். 100 கிலோவாட் போட்டால் ஆண்டுக்கு நூறு டன் சொச்சம் குறையும். வீட்டு இணைப்புக்கு உள்ள நெட் மீட்டரிங்கை (உபரி சோலார் யூனிட்டைப் பில்லில் கழிக்கும் முறை) எச்.டி. இணைப்புக்கும் கிடைக்கும் என்று எண்ணித் திட்டம் போடாதீர்கள். மின்வாரியத்திடம் மீட்டரிங் முறை, நெட்வொர்க் கட்டணம் இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். பகலில் நீங்களே தின்னும் அளவுக்கு மட்டும் போடுவது பாதுகாப்பு. தரையில் போட நினைத்தால் தடை உயர வரம்பும் விமானியின் கண்ணில் படும் கண்கூச்ச ஆய்வும் முதலில் முடிய வேண்டும், டெண்டர் அதற்குப் பிறகு. வரிசையை மாற்றிச் செய்த இடங்களில் தகடு இறங்கி, பொருத்தும் அனுமதி இல்லாமல் பெட்டியிலேயே கிடக்கும். ஓமலூர் சாலைப் பக்கத்துப் புழுதியில் கழுவும் தண்ணீரும் ஆளும் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே வர வேண்டும்.

மரம் நடுவது கணக்கில் வராது. சேர்வராயன் மலையில் ஆயிரம் கன்று நட்டோம் என்பது நல்ல காரியம், படமும் எடுக்கலாம். ஆனால் ஸ்கோப் 1, 2இலிருந்து ஒரு கிலோகூடக் கழியாது. நிலைய வளாகத்துக்குள் பழமரம் வைத்தாலோ பறவை வரும், பறவை மோதல் வேறு தலைவலி.

8. சான்றிதழ், சரிபார்ப்பு, செலவு

உலகளவில் நடப்பில் இருப்பது ஏர்போர்ட் கார்பன் அக்ரெடிட்டேஷன். ஏழு படிகள்: 1, 2, 3, 3+, 4, 4+, 5. கடைசிப் படி 2023இல் சேர்ந்தது. புதியவர் நேராக முதல் படிக்குப் போங்கள். தேவை மூன்றுதான்: தலைமை கையெழுத்திட்ட கொள்கை உறுதி, ஸ்கோப் 1, 2 கணக்கறிக்கை, சரிபார்ப்பு அறிக்கை. இரண்டாம் படிக்குக் கார்பன் மேலாண்மைத் திட்டம் வேண்டும், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரியைவிடக் குறைந்ததைக் காட்டவும் வேண்டும். சேலம்போல இடையில் சேவை நின்ற இடத்தில் அந்தச் சராசரி உருப்படியாக அமையவே சில ஆண்டுகள் ஆகும் என்று நிர்வாகத்திடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கார்சியா என்ற பெயரையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது விமான நிறுவனங்களுக்கான திட்டம்.

சரிபார்ப்பாளர் ஐ.எஸ்.ஓ. 14064-3 முறைப்படி செய்பவராகவும் திட்டத்தின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளவராகவும் இருக்க வேண்டும். உங்கள் கணக்கைப் போட்டுக் கொடுத்த ஆலோசகரே சரிபார்க்க முடியாது. 'இரண்டையும் சேர்த்து ஒரே விலைக்கு' என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். செலவு இரண்டு தலைப்பில் வரும்: திட்டத்துக்கு ஆண்டுக் கட்டணம், சரிபார்ப்பாளருக்குத் தனிக் கட்டணம். கட்டணம் நிலையத்தின் அளவையும் படியையும் பொறுத்தது. விண்ணப்பத்துக்கு முன் அந்த ஆண்டின் கட்டணப் பட்டியலை வாங்கி பட்ஜெட்டில் தனி வரியாகப் போடுங்கள். சரிபார்ப்புக்கு மூன்று இடத்தில் விலை கேளுங்கள், பயணம், தங்குமிடம் உள்ளடங்குமா என்பதைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

காலம்: ஆவணம் சேர்க்க எட்டு வாரம், கணக்கும் அறிக்கையும் இரண்டு வாரம், சரிபார்ப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கொள்முதல் நடைமுறைக்குக் குறைந்தது ஆறு வாரம். கொள்முதலை ஆவண வேலையோடு சேர்த்தே தொடங்குங்கள். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் ஆண்டு ஓடிவிடும்.

சரிபார்ப்பாளர் வரும் நாளில் கேட்பது எண்ணை அல்ல, எண்ணின் வேரை. 'ஜூலை மாத 41,200 யூனிட் எங்கிருந்து வந்தது?' என்பார். எக்செல்லின் ஒவ்வொரு கட்டத்துக்கும் கோப்பின் பக்க எண் எதிரே இருந்தால் ஒரு நாளில் முடிந்துவிடும். இல்லையென்றால் திருத்தப்பட்டியல் வரும், மறுவருகைக்கும் பணம் கட்ட வேண்டும்.

ஆரம்பப் படிகளில் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான். எனவே மார்ச் 31 மாலை வாட்ச் (பணி நேரம்) முடிவதற்குள் மூன்று படம் எடுக்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள்: ஈ.பி. மீட்டர், ஜெனரேட்டரின் மணி மீட்டர், டீசல் தொட்டியில் நனைந்த டிப் ஸ்டிக். தேதி படத்திலேயே தெரிய வேண்டும்.